வெள்ளைப் படகு வாங்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் எல்லா நாளிதழ்களிலும் படகுச் சவாரிப் படங்கள் வரும். அவற்றைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கத்து வசதியுள்ளவர்கள் சிலர் சொந்தமாகவே ஒரு படகு வாங்கி சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகலாமே என்று விசாரிக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான், யாரும் தடுக்கவில்லை. நாங்கள் முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே படகு ஓட்டுகிறவர்கள், படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின் பழுது பார்க்கிறவர்கள். விசாரிப்பவர்களின் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?" என்பதாக இருக்கிறது. "எத்தனை அடி தண்ணீர் இருக்கும்?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

ஏப்ரல், மே மாதங்களில் காவிரியிலும் அதன் கிளைகளிலும் மணல்தான் கிடக்கும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, கல்லணை தாண்டி, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை டெல்டாவின் உட்பகுதியில் படகு மிதக்க இடமில்லை. கோடையில் படகுக்குத் தண்ணீர் இருப்பது கடல்நீர் ஏறி இறங்கும் கடைசிப் பகுதியில் மட்டும். ஜாம்புவானோடையிலிருந்து கோரையாறு வழியாக அலையாத்திக் காடும் முத்துப்பேட்டைக் காயலும் (உப்பங்கழியும்). கொள்ளிட முகத்துவாரத்தில் பழையாறு, கொடியம்பாளையம். தெற்கே அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் மனோரா ஓரம். பிச்சாவரத்தைச் சேர்க்கவில்லை. அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகில் போய்வருவதே சரி. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறை வசம் உள்ளது. சொந்தப் படகாக இருந்தாலும் வன அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே நுழையக் கூடாது. வாங்கும்போதே மீன்பிடிக்க எந்த இடம் ஆகும், எந்த இடம் ஆகாது என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடங்களில் பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். அடியில் மணல் கிடையாது, உளைச்சேறு. கேபின், மெத்தை, குளிர்பெட்டி வைத்த 22, 24 அடி வெள்ளைப் படகுகளின் அடிப்பாகம் 'வி' வடிவில் இருக்கும். புரொப்பெல்லரை இறக்கிவிட்டால் இரண்டரை முதல் மூன்று அடித் தண்ணீர் கேட்கும். அந்த 'வி' வடிவம் ஆழ்கடல் அலையை வெட்டிப் போவதற்காகச் செய்தது. காயலில் அது கலப்பை. எங்கள் பக்கத்துக்கு ஏற்றது 16 முதல் 18 அடிக்குள், அடி தட்டையான ஃபைபர் படகு, 9.9 அல்லது 15 குதிரைத்திறன் அவுட்போர்டு. என்ஜினைச் சற்றுத் தூக்கி வைத்து ஓட்டினால் ஒன்றரை அடித் தண்ணீரிலும் ஊர்ந்து வந்துவிடும். வெயிலுக்குக் குழாய் நட்டு மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டால் போதும். அதையும் காற்று கிளம்பினால் அரை நிமிடத்தில் அவிழ்க்கிற மாதிரி கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டிய கூரை பாயாக மாறிப் படகைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போகும்.

கேபின் படகுதான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால் இரண்டு சங்கதிகளை மட்டும் சொல்லிவிடுகிறோம். என்ஜின் உள்ளே வைத்த பெட்ரோல் படகில், ஆவி அடித்தட்டில் தேங்கி நிற்கும். காற்றைவிடக் கனம் என்பதால் தானாக மேலே வந்து கலையாது. சாவி திருகும் முன் வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, பிறகு அடித்தட்டுப் பலகையைத் திறந்து மூக்கால் முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் போட்ட பிறகு இதைத் தவறவே கூடாது. இரண்டாவது, தண்ணீரில் இறக்கும் முன் படகின் பின்புறம் உள்ள வடிகால் துளைத் தக்கையைத் திருகினோமா என்று கையால் தொட்டுப் பார்ப்பது. சிரிப்பாக இருக்கும். இறங்குதுறையில் படகு அமிழ்வதற்கு முதல் காரணம் அந்தத் தக்கைதான்.

இனி ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். ஏறி முடித்து வற்றி முடிக்க ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம். இன்று காலை 8 மணிக்கு முழு ஏற்றம் என்றால் நாளை 8.50 சுமாருக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் வித்தியாசம் அதிகம். அஷ்டமி பக்கத்தில் குறைவு. அதிகம் என்றாலும் இரண்டடி சுமார்தான். குஜராத் பக்கத்து ஓதத்தைப் பார்த்தவர்கள் இதையெல்லாம் ஓதம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றடி ஆழமுள்ள இடத்தில் இரண்டடி குறைந்தால் மிச்சம் ஓரடி.

அந்த இரண்டடி ஒரே சீராக இறங்காது. பழைய மாலுமிக் கணக்கு ஒன்று உண்டு: மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், வற்றத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. 24 அங்குலத்துக்கு இதைப் போட்டால் முதல் மணியில் 2 அங்குலம், இரண்டாம் மணியில் 4, மூன்றாம் மணியில் 6, நான்காம் மணியிலும் 6. முதல் இரண்டு மணி நேரத்தில் அரையடிதான் போயிருக்கும். "தண்ணி அப்படியேதானே இருக்கு" என்று தோன்றும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஓரடி காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமைப் படகுகள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாம், நான்காம் மணியில்தான், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். ஓத அட்டவணையில் நாகப்பட்டினத்துக்குப் போட்டிருக்கும் நேரம் கடலோரத்துக்கானது. காயலின் உட்புறத்துக்கு ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பது இடத்துக்கு இடம் மாறும். துறையில் ஒரு கழியை நட்டு, அரை மணிக்கு ஒரு கோடாக ஒரு நாள் கீறிப் பார்த்தால் அந்தத் துறையின் கணக்கு கைக்கு வந்துவிடும்.

சேற்றில் தட்டிவிட்டால் எல்லோரும் செய்யும் முதல் காரியம் தவறான காரியம். ரிவர்ஸ் போட்டு முழு வேகம் கொடுப்பார்கள். புரொப்பெல்லர் சேற்றைக் கிளறி முன்பக்கம் தள்ளும். படகு இன்னும் அழுந்தும். கலங்கிய சேறு என்ஜினின் நீர் உறிஞ்சும் வாய்க்குள் போகும். செய்ய வேண்டியது: என்ஜினை நிறுத்து, முழுதாகத் தூக்கு, மூக்குப் பகுதி தட்டியிருந்தால் ஆட்களைப் பின்னுக்கு நகர்த்து, வந்த வழியே கழியால் ஊன்றித் தள்ளு. கழி பத்தடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நுனியில் உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒன்றை அறைந்துவிட்டால் சேற்றில் புதையாது. பலகை இல்லாத கழியை ஊன்றினால் கழி சேற்றில் நிற்கும், படகு நகரும், கழியைப் பிடித்தவர் நடுவில் தொங்குவார். யாரும் கீழே இறங்கித் தள்ளக் கூடாது. உளைச்சேறு தொடைவரை பிடித்துக்கொள்ளும், அதற்குள் சிப்பி ஓடு காலைக் கீறும். ஏற்றத்தில் தட்டினால் பதறத் தேவையில்லை, அரை மணியில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் முதல் ஐந்து நிமிடம்தான் உங்களுடையது. அதற்குள் வெளிவராவிட்டால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, நிழலையும் குடிநீரையும் கணக்குப் பார்த்து, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

என்ஜின் ஓடும்போது அதன் பின்புறத்தில் பென்சில் கனத்தில் ஒரு தண்ணீர்த் தாரை பீச்சிக்கொண்டே இருக்கும். புதிதாகப் படகு வாங்கியவர்கள் அதை ஓட்டை என்று நினைத்துக் கேட்பதுண்டு. உள்ளே குளிர்நீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது நிற்காமல், கையில் பட்டால் வெதுவெதுப்பாக, சீறிக்கொண்டு விழ வேண்டும். தாரை மெலிந்து சொட்டினாலோ, தண்ணீருக்குப் பதில் ஆவி வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் பத்தே நிமிடம், கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நிறுத்தி, என்ஜினைத் தூக்கி, தண்ணீருக்குள் நிற்கும் அதன் கீழ்க்காலின் இருபுறமும் உள்ள சல்லடைத் துளைகளில் பாசி, பாலிதீன், சேறு ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். பிறகு தாரை வெளிவரும் துளைக்குள் மெல்லிய கம்பியோ தடித்த தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) துண்டோ விட்டுக் குத்தினால் பாதி நேரம் சரியாகிவிடும். அப்போதும் வராவிட்டால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கும். நட்சத்திரம் போன்ற ஆறு இதழ். இதழ் வளைந்தே இருந்து பழகி நிமிராமல் போகும், அல்லது சேற்று மணல் தின்று விளிம்பு மழுங்கிப்போகும். தண்ணீரில்லாமல் கரையில் "சத்தம் கேட்கலாம்" என்று அரை நிமிடம் ஓட்டினாலே கருகிவிடும். எங்கள் பக்கச் சேற்றில் ஓடுகிற என்ஜினுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இதை மாற்றிவிடுவது உத்தமம்.

வழியில் நின்றுபோகும் என்ஜின்களில் இன்னொரு பங்கு எரிபொருளால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பல அவுட்போர்டு என்ஜின்களின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் பாதி காலியான டேங்கை வாரக்கணக்கில் வைத்திருந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். என்ஜின் கிளம்பும், இருநூறு மீட்டர் போகும், இருமி நின்றுவிடும். வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கே இந்த நோய் அதிகம். நாள்தோறும் ஓட்டும் மீனவர் டேங்கில் பெட்ரோல் தங்குவதில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று வாங்குங்கள். டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். கீழே கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக இருந்தால் தண்ணீர் இருப்பது கண்ணுக்கே தெரியும். மிச்சமானதைப் பத்து நாளுக்கு மேல் வைக்காமல் பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடலாம். ஆயில் கலந்ததை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலவை 50-க்கு 1: பத்து லிட்டருக்கு 200 மில்லி. புது என்ஜினுக்கு முதல் பத்து மணி நேரம் 25-க்கு 1. ஆயிலைக் கண்ணால் பார்த்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். கூடினால் பிளக் கரி பிடிக்கும், குறைந்தால் சிலிண்டர் கீறும். செலவுக் கணக்கு எளிது. முழு வேகத்தில் பத்து குதிரைத்திறனுக்கு மணிக்கு நான்கு லிட்டர் சுமார் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து வரும்போது திரும்புகாலுக்கு ஒன்றரைப் பங்கு பிடிக்கும் என்பதால்தான் அந்த மூன்றாம் பங்கு. கிளம்பியதும் என்ஜின் மங்கி மங்கி நின்றால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்தோமா என்று முதலில் பாருங்கள். அந்தத் திருகுக்காக மெக்கானிக்கை வரவழைத்துக் கூலி கொடுத்தவர்கள் ஏராளம். வாங்கிக்கொண்டவர்களில் நாங்களும் உண்டு.

மே மாதத்தில் காலைக் கடலுக்கும் மாலைக் கடலுக்கும் சம்பந்தமே இருக்காது. பத்து, பதினொரு மணிவரை கண்ணாடி. அதன்பின் கரை சூடேறிக் கடற்காற்று உள்ளே வரும். தெற்கிலிருந்து சோழகமும் சேர்ந்துகொண்டால் இரண்டு மணிக்கெல்லாம் திறந்த காயலில் வெள்ளை நுரை தெரியும். ஆழமில்லாத தண்ணீரில் அலை நீண்டு எழாது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அறையும். ஆகவே விடியலில் கிளம்பி, பதினொன்றுக்குள் திரும்பி விடுங்கள். பழையாறு பக்கம் கொள்ளிட முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: அங்கே மணல்திட்டு நிலையாக இருக்காது, போன ஆண்டு வழி இந்த ஆண்டு இருக்காது. வற்றத்தில் ஆற்றுநீர் வெளியே தள்ள, கடற்காற்று உள்ளே தள்ள, இரண்டும் மோதும் இடத்தில் அலை சுவர் மாதிரி எழும்பும். போவதைவிட வருவதுதான் ஆபத்து. பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அடுத்த அலை கவிழ்க்கும். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகில் ஏறிக்கொண்டு அதன் வேகத்திலேயே வர வேண்டும், அதை முந்தவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. ஊர்க்காரர் ஒருவர் கூட இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். மேற்கே கறுத்து இடி கேட்டால் தூண்டில் கோலை முதலில் கீழே போடுங்கள். கார்பன் கோல்கள் மின்னலுக்குக் கம்பி மாதிரி.

மீனுக்கு வருவோம். காயலில் எல்லோரும் தேடுவது கொடுவா. அது அலைந்து தேடி மேயாது, ஒதுங்கி நின்று அடிக்கும். வற்றம் தொடங்கியதும் அலையாத்திக் காட்டுக்குள்ளிருந்து சின்ன வாய்க்கால்கள் வழியே இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே வரும். வாய்க்காலின் வாயில், தெளிந்த நீரும் கலங்கல் நீரும் சேரும் கோட்டில் கொடுவா காத்திருக்கும். இதில்தான் சிக்கல். மீன் கடிக்கும் நேரமும் படகு தட்டும் நேரமும் ஒன்று. மேலே சொன்ன கணக்கு இதற்காகத்தான்: வற்றத்தின் முதல் ஒன்றரை மணி நேரம் வாய்க்கால் வாயில் போடுங்கள், இரண்டாம் மணி முடிவதற்குள் ஆழமான நடுவாட்டுக்கு வந்துவிடுங்கள். கடித்துக்கொண்டே இருந்தாலும் வந்துவிடுங்கள். அலையாத்திக் காட்டின் மீட்சிக்காக வனத்துறை மீன்முள் வடிவில் வெட்டிவிட்ட கால்வாய்களுக்குள் படகை விடக் கூடாது. திருப்ப இடமில்லை, கரையும் கன்றும் சேதமாகும்.

உயிர் இறாலைப் போல இரை இல்லை. தலைக் கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளியைத் தொடாமல் தூண்டிலைக் குத்தினால் ஒரு மணி நேரம்கூட நீந்தும். புள்ளியில் பட்டால் அப்போதே செத்துவிடும். வாளித் தண்ணீர் வெயிலில் சூடேறினால் உயிர்க்காற்று குறைந்து எல்லாம் மல்லாந்துவிடும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றூதியும், தண்ணீர் உறையவைத்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் வாளியில் மிதந்தால் மதியம்வரை தாங்கும். தூண்டில் முள் 3/0 அல்லது 4/0 அளவு. நுனியில் இரண்டடிக்கு 40 பவுண்டு தங்கூசி கட்டாயம். கொடுவாயின் செவுள்மூடி விளிம்பு பிளேடு. மெல்லிய நரம்பை ஒரு உதறலில் அறுத்துவிடும், விரலையும் அறுக்கும். செவுளில் கைவிட்டுத் தூக்காதீர்கள். கீழ்த்தாடையைத் துணியால் பிடியுங்கள். இன்னொன்று: கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன். நான்கைந்து கிலோவுக்கு மேற்பட்டது பெரும்பாலும் முட்டைக்காரி. படம் எடுத்துக்கொண்டு திரும்ப விடுங்கள். சினை நண்டும் அப்படியே. பிள்ளைகளுக்கு முகத்துவார மணலோரம் கிழங்கான் மீன் போதும். எட்டாம் நம்பர் தூண்டில், இறால் துண்டு, அடிமட்டத்தில் இழுத்து இழுத்து விட்டால் வந்துகொண்டே இருக்கும். பிடித்த மீனுக்குச் சம எடை ஐஸ். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. உருகிய நீரை வடித்துக்கொண்டே இருந்தால் சதை குழையாது.

கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்று மீனுக்கும் முள்ளில் விஷம். குத்தினால் மஞ்சள், சுண்ணாம்பு என்று தேடாமல், கை பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி அடங்கும். குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும், சூடு தெரியாது. ஆகவே நீரின் சூட்டை மற்றக் கையால் பார்க்க வேண்டும். படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் வைத்திருப்பது காபிக்காக மட்டும் இல்லை. முள் உள்ளே முறிந்திருந்தால், மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் நேராக ஆஸ்பத்திரி. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. அங்கே ஓரத்தில் உட்கார்ந்து மீன் கழுவுவதும் கால் நனைப்பதும் வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, சிறு ஃபைபர் படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் கரையோரத்தில்தான் பிழைக்கிறார்கள். விடுமுறைப் படகுகள் வருவதும் அதே இரண்டு மாதத்தில், அதே தண்ணீரில். தெர்மாகோல் துண்டு, காலி பாட்டில், கொடி குத்திய கழி எதைக் கண்டாலும் அதன் கீழே ஒருவர் வலை இருக்கிறது. வரிசையைக் குறுக்கே கடக்காமல் சுற்றிப் போங்கள். தெரியாமல் ஏறிவிட்டால் என்ஜினை நிறுத்தி, தூக்கி, சுற்றியதை எதிர்ப்பக்கமாகத் திருப்பி அவிழ்க்கப் பாருங்கள். கத்தி கடைசிக்கு. அறுத்தால் வலைக்காரருக்கு ஈடு கொடுத்துவிட்டுப் போங்கள். வலை நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுக்கும் என்பதால் கரைக்கு வந்ததும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். கியர் ஆயிலைச் சொட்டு இறக்கிப் பாருங்கள்: பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

மல்லிப்பட்டினம் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. நாங்கள் ஆவுளியா என்போம். கடற்புல் மேய்ந்துவிட்டு மூச்சுவிட மேலே வரும்போதுதான் புரொப்பெல்லரில் அடிபடும். தண்ணீருக்கடியில் புல் கறுப்பாகத் தெரியும் இடத்தில் நடைவேகம் போதும். அங்கே நங்கூரத்தையும் இழுக்க வேண்டாம். நங்கூரம் எங்கே போட்டாலும் படகின் மூக்கில் கட்டுங்கள், பின்னால் கட்டினால் அலை ஏறிப் படகு நிறையும். நாலடி ஆழம், அதோடு படகின் மூக்கு உயரம் இரண்டடி, மொத்தம் ஆறு. அதன் ஐந்து மடங்கு, முப்பதடிக் கயிறு விட வேண்டும். நான்கு கொக்கி நங்கூரம் உளைச்சேற்றில் வெண்ணெயில் கத்தி போல வழுக்கும். அகலத் தகடு வைத்ததே பிடிக்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பலகைக்கு அடியில் வைப்பதும் வீட்டில் வைப்பதும் ஒன்றுதான். பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. தொடையிடுக்கு வார் இல்லாத ஜாக்கெட் குழந்தைக்கு உதவாது, தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். ஓட்டுகிறவர் என்ஜின் நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டியே இருக்க வேண்டும். ஓட்டுநர் தவறி விழுந்த படகு தானாக வட்டமடித்து அவர்மேலேயே வரும். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர். அவசரத்துக்குக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று துறையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அவரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள். கரைக்கு வந்தபின் என்ஜினை நல்ல தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிக் கழுவினால்தான் உப்பு உள்ளே படியாது.

ஜூன் பாதிக்குமேல் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் ஆகாயத்தாமரை மிதந்து வந்து புரொப்பெல்லரையும் நீர் உறிஞ்சும் வாயையும் சேர்த்தே அடைக்கும். மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரி திறக்கும் அறிவிப்பு வந்தால் படகை ஆற்றில் கட்டி வைக்காமல் கரையேற்றிவிட வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் நாங்கள் கேட்பது பெரிய செலவுள்ளதல்ல. ஜாம்புவானோடை, அதிராம்பட்டினம், பழையாறு துறைகளில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் ஒன்றும், அன்றன்றைய ஏற்ற, வற்ற நேரம் எழுதும் கரும்பலகை ஒன்றும் வைக்கலாம். குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்கச் செய்யலாம். ஆழமான வழிக்கு இருபுறமும் கழி நட்டு, கடலிலிருந்து உள்ளே வரும்போது இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்று நம் நாட்டுக் கடல்வழி வழக்கப்படி வண்ணம் அடிக்கலாம். சவுக்குக் கழி நட வேண்டாம். உப்புத் தண்ணீரில் கப்பல்புழு துளைத்து ஒடிந்துவிடும், ஒடிந்த மிச்சம் நீர்மட்டத்துக்குக் கீழே நின்று படகின் வயிற்றைக் கிழிக்கும். ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாயில் கான்கிரீட் நிரப்பி நட்டால் போதும். எந்த இடத்தில் நட வேண்டும் என்று காட்ட எந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாலும் வருகிறோம், ஏற்றம் பார்த்துக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
படகு ஓட்டுநர்கள், என்ஜின் மெக்கானிக்குகள் சிலர்,
முத்துப்பேட்டை - அதிராம்பட்டினம்.